கேட்கப் போன கட்சி

அரசியல் கட்சிகளுக்குக் கடவுள் வாயைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். காதைக் கொடுப்பதில் மட்டும் சற்றுச் சிக்கனமாக இருந்துவிட்டார் என்று தோன்றுகிறது. தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது வாசலுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்! கை கூப்புகிறார்கள், குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிறார்கள், பாட்டியிடம் ஆசி கேட்கிறார்கள், அச்சடித்த காகிதம் ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காகிதத்தில் அவர்கள் நமக்குச் செய்யப்போகும் நன்மைகளெல்லாம் வரிசையாகக் கண்டிருக்கின்றன. நமக்கு வேண்டியது இன்னதென்று நம்மைக் கேளாமலே அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. நெசவாளர் தெருவில் நூல் விலையைப் பற்றிப் பேசுவார்கள். மசூதித் தெருவில் தொழுகையின் பெருமையைப் பற்றிப் பேசுவார்கள். மாதா கோயில் தெருவுக்குப் போனால் ஏசுநாதரின் கருணையைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு தெருவில் சொன்னது அடுத்த தெருவுக்குக் கேட்காது என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! சகல சமூகங்களையும் அணைத்துப் போவது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அணைத்துப் போவது வேறு, ஒவ்வொருவரையும் தனித்தனியே தட்டிக் கொடுத்துவிட்டுப் போவது வேறு என்பதை நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் ஒரு கட்சி, அச்சடித்த காகிதத்தை விட்டுவிட்டு வெறுங் காகிதத்துடன் ஜனங்களிடம் போனதும் உண்டு. பேசுவதற்காக அல்ல, கேட்பதற்காகப் போயிற்று. அது நடந்தது தென்னாப்பிரிக்காவில். 1954, 1955-ஆம் வருஷங்களில். அந்தக் கதையில் நமது தமிழ் மக்களுக்கும் பங்கு இருக்கிறது. கதையின் முற்பகுதி பெருமைக்குரியது, பிற்பகுதி யோசனைக்குரியது. இரண்டையும் சேர்த்தே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நான்கு வேலிகள்

தென்னாப்பிரிக்காவில் ஜனங்களை நான்கு கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த மண்ணின் பூர்வ குடிகளான ஆப்பிரிக்கர் ஒரு கூட்டம். வெள்ளையர் ஒரு கூட்டம். கலப்பு வம்சத்தார் ஒரு கூட்டம். இந்தியர் ஒரு கூட்டம். 1948-ல் தேசியக் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட வெள்ளையர் கட்சி அதிகாரத்துக்கு வந்தபின் இந்தப் பிரிவினை சட்டமாகவே ஆகிவிட்டது. 1950-ல் ஒவ்வொரு பிரஜைக்கும் இன்ன இனம் என்று முத்திரை குத்த ஒரு சட்டம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்பதற்கு மற்றொரு சட்டம்.

கொடுமை எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோதிலும், அதன் உருவம் கூட்டத்துக்குக் கூட்டம் வேறாக இருந்தது. ஆப்பிரிக்கர்கள் தங்கள் நாட்டிலேயே அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் நடமாட முடியாது. 1913-ஆம் வருஷத்து நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டுமே அவர்களுக்கென்று ஒதுக்கியது. இந்தியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்குப் போக அனுமதி கேட்கவேண்டும். ஆரஞ்சு பிரீ ஸ்டேட் என்ற மாகாணத்திலோ 1891 முதற்கொண்டே அவர்கள் குடியிருக்கக் கூடாது என்று தடை. கேப் மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்த கலப்பு வம்சத்தாருக்குக் கூலியில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் மதுவாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. உழைப்பையும் வாங்கிக்கொண்டு அறிவையும் மயக்கி வைப்பதற்கு இதைவிட மலிவான உபாயம் வேறு உண்டோ?

ஆகவே ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களுக்கெனத் தனி ஸ்தாபனம் அமைத்துக்கொண்டார்கள். 1894-ல் மகாத்மா காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஏற்படுத்தினார். 1912 ஜனவரி 8-ந் தேதி புளும்பாண்டீன் நகரத்தில் ஆப்பிரிக்கர்களின் காங்கிரஸ் பிறந்தது. அதுவே 1923-ல் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அவரவர் வீட்டுக் கஷ்டத்தை அவரவர் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். சுவருக்கு அப்பால் இருந்தவர் அழுகை இப்பால் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

நமது ஜனங்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1860 நவம்பரில் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் இறங்கியவர்கள். ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே நேட்டாலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் தமது பதினாறாவது வயதில் உயிர் நீத்தது அந்த நாட்டுச் சத்தியாக்கிரகத்தில்தான். அந்தப் பெண்ணின் தியாகத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் போராட்டம் இந்தியர் துயரத்துக்காக இந்தியர் நடத்திய போராட்டம். பக்கத்து வீட்டு ஆப்பிரிக்கரோடு கைகோத்து நிற்க இன்னும் முப்பது வருஷங்களுக்கு மேல் சென்றது.

மூன்று வைத்தியர்கள்

1947 மார்ச்சு 9-ந் தேதி மூன்று டாக்டர்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவரான டாக்டர் ஸூமா. இன்னொருவர் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் தலைவரான டாக்டர் யூசுப் தாதூ. மூன்றாமவர் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர், தமிழ் மரபில் வந்தவரான டாக்டர் மாண்டி நாயக்கர். டர்பனில் பிறந்து எடின்பரோவில் வைத்தியம் படித்தவர் அவர். இனிமேல் எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தே உழைப்பது என்று மூவரும் தீர்மானித்தார்கள். கையெழுத்திட்ட மூவரும் வைத்தியர்களானபடியால் அதற்கு டாக்டர்கள் ஒப்பந்தம் என்றே பெயர் வந்துவிட்டது.

மருந்துச் சீட்டு எழுதினால் மட்டும் நோய் தீர்ந்துவிடுமா? நோயாளி மருந்தை உட்கொள்ள வேண்டாமா? தலைவர்கள் மேஜையின் முன் உட்கார்ந்து செய்துகொண்ட ஒற்றுமை தெருவரைக்கும் இறங்கி வரவில்லை. 1949 ஜனவரியில் டர்பன் நகரத்தில் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் ஏற்பட்ட சச்சரவு பெருங் கலகமாக மூண்டது. ஆப்பிரிக்கர்கள் இந்தியர் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். போலீஸாரும் ராணுவமும் சுட்டதில் ஆப்பிரிக்கர் பலர் மாண்டார்கள். ஆக மொத்தம் 142 உயிர்கள் போயின. மாண்டவர்களில் இரு கூட்டத்தாரும் இருந்தார்கள்; ஆப்பிரிக்கர் தொகையே அதிகம்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு வருஷம் ஆவதற்குள் இப்படி நேர்ந்தால், மற்றவர்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "இவர்களோடு நமக்கு ஒத்துவராது" என்று சொல்லி அவரவர் வேலிக்குள் திரும்பியிருப்பார்கள். சர்க்காரும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் இரண்டு காங்கிரஸ்களின் தலைவர்களும் அடுத்த மாதமே டர்பனில் கூடிப் பேசிக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 1952 ஜூன் 26-ந் தேதி அநீதிச் சட்டங்களை மீறும் சாத்வீக இயக்கத்தைச் சேர்ந்தே தொடங்கினார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியிருந்த வாசல்களில் நுழைந்து, 8000 பேருக்கு மேல் சிறை புகுந்தார்கள். கையெழுத்து செய்யாததைச் சிறைச்சாலை செய்தது. ஆயினும் சிறைக்குப் போகும் தைரியம் உள்ளவர்கள் ஒரு நாட்டில் எப்போதும் சிலரே. மற்ற லட்சக்கணக்கானவர்களை என்ன செய்வது? அவர்களிடம் எப்படிப் போவது?

வெறுங் காகிதம்

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஒரு பள்ளி வாத்தியார் மரபினர். போர்ட் ஹேர் கலாசாலையில் பேராசிரியராயிருந்த ஸெட். கே. மாத்யூஸ் என்னும் ஆப்பிரிக்க அறிஞர், 1953 ஆகஸ்டில் கிராடக் என்னும் ஊரில் கூடிய கேப் மாகாணக் காங்கிரஸில் ஒரு யோசனையை வெளியிட்டார். நாட்டிலுள்ள எல்லா இனத்தாரையும் அழைத்து ஜனங்களின் மகாநாடு ஒன்று கூட்டவேண்டும். வருங்காலத்துத் தென்னாப்பிரிக்கா எப்படி இருக்கவேண்டும் என்பதை ஜனங்களே சொல்லி, ஒரு சாஸனம் எழுதவேண்டும் என்பதே அந்த யோசனை.

யோசனை நன்றாயிருக்கிறது என்று கைதட்டிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போவதுதான் மகாநாடுகளின் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பு வம்சத்தார், நிற பேதத்தை வெறுத்த வெள்ளையர் ஆகிய நால்வர் ஸ்தாபனங்களும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. ஆப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுதுலி, 50,000 சுதந்திரத் தொண்டர்கள் வேண்டும் என்று அறைகூவினார். இந்த லுதுலி, காங்கிரஸை விடுகிறாயா, குலத் தலைவர் பதவியை விடுகிறாயா என்று சர்க்கார் கேட்டபோது, காங்கிரஸை விட மறுத்துப் பதவியை இழந்தவர். 1960-ஆம் வருஷத்துச் சமாதான நோபல் பரிசு பின்னால் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

தொண்டர்கள் போன இடங்களில் செய்த வேலை மிகச் சுலபமானதுபோல் தோன்றும். சட்டம் செய்யும் அதிகாரம் உன் கையில் இருந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார்கள். வந்த பதிலை எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். சுரங்கத்தில் வேலை செய்பவனையும், வெள்ளைக்கார வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளையும், கரும்புத் தோட்டத்துக் கிழவரையும் பார்த்து, "ஐயா, அம்மா, நீங்கள் சட்டம் செய்வதாயிருந்தால்?" என்று அதற்கு முன்னால் யார் கேட்டிருந்தார்கள்? வாக்குரிமை இல்லாதவனுக்குக் கேள்வி கேட்கப்படுவதே ஒரு மரியாதை. சிலருக்கு அந்தக் கேள்வியே பாதி விடுதலையாக இருந்திருக்கும்.

பதில்கள் மூலை முடுக்குகளிலிருந்து வந்து குவிந்தன. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் சில. சிற்றுண்டிச்சாலையில் வாய் துடைக்கும் காகிதத்தில் சில. கட்சியே வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தின் முதுகுப்புறத்தில் சில. கடைசியில் சொன்னதுதான் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு கட்சியின் பிரசுரத்துக்கு அதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியுமா?

இந்தக் காகிதக் குவியலிலிருந்து பத்துப் பகுதிகள் கொண்ட சுதந்திர சாஸனம் உருவாயிற்று. அதைப் படிக்கும்போது எந்தக் கோரிக்கை எந்த வாசலிலிருந்து வந்தது என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். கூலிக்குப் பதில் மது ஊற்றும் முறை ஒழியவேண்டும் என்ற கோரிக்கை திராட்சைத் தோட்டத்து வாசலிலிருந்து வந்தது. மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை கூடாது என்றதில் இந்தியர் துயரம் தொனிக்கிறது. அனுமதிச் சீட்டுச் சட்டம் ஒழியவேண்டும், உழுகிறவர்களுக்கு நிலம் வேண்டும் என்பவை ஆப்பிரிக்கக் குடிசையின் குரல். பிரசவ காலத்தில் முழுச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும், வீட்டு வேலைக்காரர்களுக்கும் மற்றத் தொழிலாளரைப் போன்ற உரிமை வேண்டும் என்று கேட்டிருப்பதில் பெண்மக்களின் குரல் கேட்கிறது. எல்லாப் பாஷைகளுக்கும் சம உரிமை என்பதும் உண்டு.

இதிலே கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று இருக்கிறது. இந்தியருக்கு ஒரு பிரசுரம், ஆப்பிரிக்கருக்கு வேறொரு பிரசுரம் என்று அவர்கள் அச்சிடவில்லை. எல்லோர் கோரிக்கையும் ஒரே சாஸனத்தில் ஏறியது. மாகாணம் விட்டு மாகாணம் போகும் உரிமைக்காக ஆப்பிரிக்கரும் கையுயர்த்தினார். மதுக் கூலியை ஒழிப்பதற்காகத் தமிழரும் கையுயர்த்தினார். பிறர் கஷ்டத்தைத் தன் கோரிக்கையாக ஏற்றுக்கொள்வதே அணைத்துப் போவதாகும்.

கிளிப்டவுன் மைதானம்

1955 ஜூன் 25, 26 தேதிகளில், ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு அருகிலுள்ள கிளிப்டவுன் என்னும் இடத்தில், ஒரு பந்தாட்ட மைதானத்தில் மகாநாடு கூடிற்று. ஏறத்தாழ 3000 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களில் 300-க்கு மேற்பட்டவர் இந்தியர். 200-க்கு மேற்பட்டவர் கலப்பு வம்சத்தார். 100-க்கு மேற்பட்டவர் வெள்ளையர். வரும் வழியிலேயே போலீஸாரால் மறிக்கப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. லுதுலியும் டாக்டர் தாதூவும் தடையுத்தரவு காரணமாக வர முடியவில்லை. நெல்ஸன் மண்டேலாவும் தடையுத்தரவுக்கு உட்பட்டவர்தான். ஆனால் அவர் கூட்டத்தின் ஓரத்தில் மறைவாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஸனத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஆங்கிலத்திலும் ஸெஸோத்தோ, கோஸா என்ற ஆப்பிரிக்க மொழிகளிலும் படித்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கூட்டம் ஜயகோஷத்துடன் சம்மதம் தெரிவித்தது. இரண்டாம் நாள் பிற்பகல் துப்பாக்கி ஏந்திய போலீஸார் மேடையின்மேல் ஏறி, ராஜத்துரோகம் நடப்பதாகச் சந்தேகிக்கிறோம், அனுமதியில்லாமல் ஒருவரும் வெளியேறக் கூடாது என்று அறிவித்தார்கள். கூட்டம் கலையவில்லை, கல்லெடுத்து எறியவுமில்லை. எழுந்து நின்று ஆப்பிரிக்காவுக்குத் தெய்வ அருள் வேண்டும் கீதத்தைப் பாடிற்று. பிறகு மகாநாடு தொடர்ந்து நடந்தது. போலீஸார் ஒருபுறம் பிரதிநிதிகளை ஒவ்வொருவராக விசாரித்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்க, சாஸனம் நிறைவேறியது.

போலீஸார் கைப்பற்றிய தஸ்தாவேஜுகளில் இரண்டு அட்டைகள் சரித்திரப் பிரசித்தி பெற்றுவிட்டன. உணவுக் கொட்டகையில் தொங்கிய அந்த அட்டைகளில் ஒன்றில் "மாமிசம் சேர்ந்த சூப்பு" என்றும், மற்றொன்றில் "மாமிசம் சேராத சூப்பு" என்றும் எழுதியிருந்தது. அவைகளும் ராஜத்துரோகத்துக்குச் சாட்சியமாகக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தன! நாம் இதைப் படித்தபோது சிரித்தோம். பிறகு யோசித்தபோது, போலீஸார் அறியாமலே ஓர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. மாமிசம் உண்ணாதவரும் பசியோடு திரும்பக் கூடாது என்று நினைத்து ஒரு தனிப் பானை ஏற்றி வைத்தார்களே, பிரித்து ஆளும் ராஜ்யத்துக்கு அதைவிடப் பெரிய துரோகம் எது? பத்துப் பிரசங்கங்கள் சொல்லாததை அந்த இரண்டாவது பானை சொல்லிற்று.

1956 டிசம்பர் 5-ந் தேதி 156 பேரைக் கைது செய்து ராஜத்துரோக வழக்கு நடத்தினார்கள். லுதுலி, மண்டேலா, டாக்டர் நாயக்கர் முதலிய எல்லோரும் அதில் அகப்பட்டார்கள். வழக்கு நாலு வருஷத்துக்கு மேல் நடந்தது. 1961 மார்ச்சு 29-ந் தேதி, எஞ்சியிருந்த கடைசி எதிரிகளும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலையானார்கள். நான்கு இனத்தாரும் ஒன்றாக உட்காரக் கூடாது என்று சட்டம் செய்த சர்க்காரே, அவர்களை ஒரே கோர்ட்டில் வருஷக்கணக்காக ஒன்றாக உட்கார வைத்தது. ஐக்கியத்துக்கு இப்படியும் ஓர் உபகாரம்!

அந்த வழக்குக்கு நாலு மாதம் முன்பு, 1956 ஆகஸ்டு 9-ந் தேதி, சுமார் 20,000 ஸ்திரீகள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் பிரதம மந்திரியின் காரியாலயத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். முன்னணியில் நின்றவர்கள் லிலியன் என்கோயி, ஹெலன் ஜோஸப், ரஹிமா மூஸா, ஸோபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர். ஓர் ஆப்பிரிக்கர், ஒரு வெள்ளையர், ஓர் இந்தியர், ஒரு கலப்பு வம்சத்தார். ஆண்கள் மகாநாடு கூட்டித் தீர்மானித்ததைப் பெண்கள் நடந்தே காட்டிவிட்டார்கள்.

கொடுத்த விலை

எல்லோரையும் அழைப்பதற்கு ஒரு விலை உண்டு. தென்னாப்பிரிக்கா அதில் வாழும் எல்லோருக்கும் சொந்தம் என்று சாஸனம் கூறியது. காங்கிரஸுக்குள்ளேயே ஒரு சாரார் இதை ஒப்பவில்லை. எங்கள் நிலத்தைப் பறித்துக்கொண்டவனுக்கும் அது சொந்தமென்று எழுதிக் கொடுப்பது எப்படி நியாயமாகும் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. மிகச் சிறு பங்கு நிலத்தில் ஒடுக்கப்பட்டவன் கேட்கும் கேள்வி அது. 1959 ஏப்ரலில் ராபர்ட் ஸோபுக்வே என்பவரின் தலைமையில் அவர்கள் பிரிந்து தனிக் கட்சி கண்டார்கள். புதியவர்களை அழைத்ததனால் பழையவர்களில் சிலரை இழக்க நேர்ந்தது. அதை அறிந்தும் காங்கிரஸ் தன் வாக்கை மாற்றவில்லை.

காங்கிரஸிலும் குறை இல்லாமலில்லை. ஊரெல்லாம் கேட்டு வந்த காகிதங்களைக் கோத்துச் சாஸனமாக எழுதியது ஒரு சிறு குழுதான். லுதுலியே மகாநாட்டுக்கு முன்னால் அதைப் பார்த்து ஆராய அவகாசம் பெறவில்லை. மேலும், எல்லா இனத்தாரையும் மைதானத்துக்கு அழைத்த ஆப்பிரிக்கக் காங்கிரஸ், தன்னுடைய அங்கத்தினராக ஆப்பிரிக்கரை மட்டுமே அப்போது சேர்த்து வந்தது. பந்தலில் எல்லோருக்கும் விருந்து; வீட்டுக் கூடத்தில் மட்டும் நமது உறவினர் என்பதுபோல் இருந்தது நிலைமை. 1969-ல் டான்ஸானியாவிலுள்ள மொரோகோரோவில் கூடியபோதுதான் மற்ற இனத்தாரும் அங்கத்தினராகலாம் என்றாயிற்று. நிர்வாக சபையிலேயே இடம்பெறலாம் என்பதற்கு 1985 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்குப் பெட்டியின் பாடம்

1960-ல் காங்கிரஸைச் சட்ட விரோதமாக்கினார்கள். முப்பது வருஷகாலம் அது வெளிப்படையாக ஒரு வாசலையும் தட்ட முடியவில்லை. ஆனாலும் கிளிப்டவுனில் விதைத்தது வீண் போகவில்லை. 1983-ல் இந்தியருக்கும் கலப்பு வம்சத்தாருக்கும் மட்டும் தனித்தனிச் சட்டசபை கொடுத்து, ஆப்பிரிக்கரை வெளியே நிறுத்த ஒரு தந்திரம் செய்தது சர்க்கார். அதை எதிர்க்க ஐக்கிய ஜனநாயக முன்னணி தோன்றி வீடு வீடாகச் சென்றது. 1984 ஆகஸ்டில் அந்தச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது இந்தியரும் கலப்பு வம்சத்தாரும் பெரும்பாலோர் வாக்களிக்கவே போகவில்லை. எங்கள் அயலாரை வெளியே நிறுத்திவிட்டு எங்களுக்கு மட்டும் பந்தியா என்று மறுத்துவிட்டார்கள். நமது நேயர்கள் பெருமைப்படவேண்டிய செய்தி இது.

இனி வருவது யோசிக்கவேண்டிய செய்தி. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் முதல் தடவையாக வாக்களித்தபோது காங்கிரஸ் 62 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றது, மண்டேலா ஜனாதிபதியானார். ஆனால் கலப்பு வம்சத்தார் மிகுந்த மேற்குக் கேப் மாகாணத்தில் வெற்றி பெற்றது எது தெரியுமா? அத்தனை கொடுமைச் சட்டங்களையும் செய்த அதே தேசியக் கட்சி! பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அதற்கு விழுந்தன. நேட்டாலிலும் இந்தியர் பலர் அந்தக் கட்சிக்கே வாக்களித்தார்கள்.

இதைக் கண்டு நன்றி கெட்டவர்கள் என்று சிலர் பேசினார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பெரும்பான்மை வந்தால் நம் பிள்ளைகளின் வேலை என்னாகும், வீடு என்னாகும், பாஷை என்னாகும் என்ற பயம் அவர்களைப் பிடித்திருந்தது. தேசியக் கட்சி அந்தப் பயத்துக்கு நெய் வார்த்தது. பத்து வருஷம் முன்னால் அதே ஜனங்கள் அதே பயத்தை உதறி நின்றார்களே! அப்போது ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்து அவர்களோடு பேசினார். அவர்கள் சொன்னதையும் கேட்டார். 1955-ல் அப்பன் சொன்னதை எழுதிக்கொண்டு போனோமே, அது போதாதா என்று 1994-ல் மகனிடம் சொல்ல முடியாது. மகனுக்கு வேறு கவலை.

சாஸனத்தின் வாசகம் வெற்றி பெற்றதில் சந்தேகமில்லை. புதிய அரசியல் சட்டத்துக்காக மீண்டும் ஒரு தடவை ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. மனுக்களில் இட்ட கையெழுத்துக்களையும் சேர்த்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. 1996 டிசம்பர் 10-ந் தேதி மண்டேலா கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் முகவுரையிலே, நாடு அதில் வாழும் எல்லோருக்கும் சொந்தம் என்ற கிளிப்டவுன் கருத்து இடம் பெற்றுவிட்டது. பதினொரு பாஷைகள் சர்க்கார் பாஷைகளாயின.

ஆனால் வாசகம் வேறு, வாழ்க்கை வேறு. கிளிப்டவுன் மைதானம் இருந்த இடத்தில் ஸிஸுலுவின் பெயரால் பெரிய சதுக்கம் கட்டி, பத்துப் பகுதிகளின் ஞாபகமாகத் தூண்கள் நிறுத்தினார்கள். அதை ஒட்டியே தகரக் குடிசைகளில் குடியிருந்தவர்கள் பல வருஷங்களாகப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வேண்டும், விளக்கு வேண்டும் என்று 1955-ல் எழுதிக் கொடுத்த ஊர் அது! 2024 மே மாதத் தேர்தலில் காங்கிரஸின் வாக்கு சுமார் 40 சதவீதமாகக் குறைந்தது. முப்பது வருஷமாக இருந்த பெரும்பான்மை போய், நேற்றுவரை எதிரில் நின்ற கட்சிகளோடு சேர்ந்து மந்திரிசபை அமைக்கவேண்டியதாயிற்று. வேலையின்மை, மின்சாரத் தட்டுப்பாடு, ஊழல் என்று காரணங்கள் பலவற்றைச் சொல்லுகிறார்கள். எல்லாம் உண்மையே. இவற்றையெல்லாம் ஜனங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். எழுதிக்கொள்ள ஆள் வரவில்லை.

நமது வாசலில்

நமது நாட்டிலும் 1920-ல் நாகபுரிக் காங்கிரஸ், நாலணா கொடுத்தவரெல்லாம் அங்கத்தினராகலாம் என்று கதவைத் திறந்து, அந்தந்தப் பாஷைக்கு ஒரு மாகாணக் கமிட்டி என்றும் ஏற்பாடு செய்தது. அதுவரையில் ஆங்கிலம் படித்த வக்கீல்களின் சபையாக இருந்த ஸ்தாபனம், தமிழனிடம் தமிழிலும் தெலுங்கனிடம் தெலுங்கிலும் பேசத் தொடங்கியது. அந்த நாலணாவின் மதிப்பு பணத்தில் இல்லை. கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமையும், வாங்கியவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதனால் ஏற்பட்டன. தென்னாப்பிரிக்கர் நாலணாவுக்குப் பதிலாகக் கோரிக்கைச் சீட்டை வாங்கினார்கள். இரண்டும் கடன் பத்திரங்களே. கடனை ஒத்துக்கொண்டதற்காகக் கட்சியைப் பாராட்டலாம். தலைமுறைக்குத் தலைமுறை வட்டியாவது கட்டிவரவேண்டும் அல்லவா?

இதையெல்லாம் நாம் சொல்லுவது எந்தக் கட்சியையும் புகழ்வதற்கோ இகழ்வதற்கோ அல்ல. நமது குடும்பங்கள் தங்கள் வாசலுக்கு வருகிறவர்களை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காகவே. வந்தவர் கையில் இருப்பது அச்சடித்த காகிதமா, வெறுங் காகிதமா? நமது தெருவில் சொன்னதை அடுத்த தெருவிலும் துணிந்து சொல்லுவாரா? அடுத்த தெருவாருக்கு வேண்டியதை நம்மிடமும் வந்து கேட்பாரா? போன தடவை எழுதிக்கொண்டு போனது என்னவாயிற்று?

அதோடு நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. கேட்க வருகிறவரிடம் நமது வீட்டுத் தேவையை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், அவரும் வீட்டுக்கு வீடு வேறு பேச்சுப் பேசத்தான் செய்வார். மாமிசம் உண்பவர் வீட்டிலும் மாமிசம் சேராத பானைக்காக ஒருவர் பரிந்து பேசவேண்டும். நமக்கு வேண்டியதைச் சொன்னபிறகு, "அண்டை வீட்டாருக்கு இது வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று நமது நேயர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிப் பார்க்கட்டும். வந்தவர் பேனாவை எடுக்கிறாரா, செருப்பை மாட்டுகிறாரா என்பதிலிருந்து அவருடைய கட்சி இன்னதென்று தெரிந்துவிடும்.